வேலைவெட்டி இல்லாதவனும் சோழர் காலத்து வரியும்

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 9

"வேலைவெட்டி இல்லாம சுத்துறான்" என்கிறோம். அப்படியென்றால் வெட்டி என்பதும் ஒரு வேலை. "வெட்டியா உக்காந்திருக்கான்" என்றும் சொல்கிறோம். அங்கே வெட்டி என்றால் வேலையே இல்லை. எது சரி? இது சோழர் காலத்து வரியின் பெயர் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். குளம் வெட்டப் போனதால் வெட்டி என்று பெயராம். உண்மையா?

பிப்ரவரி 9, இரவு

வரிதான். நெல்லாகவோ காசாகவோ கட்டாமல் உடம்பால் கட்டும் வரி. ஏரிக்கரை உடைந்தாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் ஊரிலிருந்து ஆட்கள் போய் நிற்க வேண்டும். கூலி கிடையாது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிச் சொற்களில் இதுவும் ஒன்று. மண் வெட்டுவது, குளம் வெட்டுவது, அதனால் வெட்டி. நண்பர் சொன்னது சரி என்றே படுகிறது.

பிப்ரவரி 10, காலை

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிட்டேன். குளம் வெட்டும் கதையை வாபஸ் வாங்குகிறேன்.

சமஸ்கிருதத்தில் விஷ்டி என்று ஒரு சொல் உண்டு. கூலியில்லாக் கட்டாய வேலை என்று பொருள். அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது, வடக்கத்திச் செப்பேடுகளிலும் வருகிறது. அது பிராகிருத வாயில் புகுந்து, நம் பக்கம் வந்து வெட்டி ஆனது. தெலுங்கிலும் வெட்டிதான். தெலங்கானாவில் ஜமீன்களுக்குச் செய்த 'வெட்டி சாகிரி'யை எதிர்த்துதான் 1946இல் பெரிய கிளர்ச்சியே வெடித்தது. கன்னடத்தில் பிட்டி. பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'பிட்டி' என்றால் அங்கே ஓசி.

உங்கள் கேள்விக்கு விடை அந்த ஓசியில்தான் இருக்கிறது. கூலியில்லாத வேலை, பிறகு பயனில்லாத வேலை, பிறகு பயனில்லாத ஆள். 'வேலைவெட்டி'யில் முதல் பொருள் அப்படியே உறைந்து நிற்கிறது: கூலிக்குச் செய்வது வேலை, கூலியில்லாமல் செய்வது வெட்டி, இரண்டும் இல்லாதவன் நம்மாள். 'வெட்டியா உக்காந்திருக்கான்' என்பதில் கடைசிப் பொருள்.

பிப்ரவரி 10, மதியம்

முட்டையாள் என்றும் ஓர் ஆள்வரி கல்வெட்டில் வருகிறதே, முட்டாள் அதிலிருந்து வந்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவது, இனிஷியல் ஒன்றாக இருந்தால் பங்காளி என்பதைப் போன்றது. காலையில் ஒரு தடவை சூடு பட்டாயிற்று.

பிப்ரவரி 12

இந்தப் பெயர்களை மொத்தமாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆனைமங்கலம் செப்பேட்டைப் பாருங்கள். நெதர்லாந்துக்குப் போனதால் லைடன் செப்பேடு என்று பெயர் வாங்கியது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த கதை. ஆணை பிறந்தது அவனுடைய 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில். செப்பேட்டில் ஏறியது மகன் ராஜேந்திரன் காலத்தில். 97 வேலிச் சொச்சம் நிலம் (வேலி அன்றைய நில அளவு), அதற்குக் காணிக்கடன், அதாவது நிலவரி, 8,943 கலம் நெல்லும் அதற்கு மேல் சில்லறையும். நாழிவரை கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

அதில் அரசனுக்குச் சேர வேண்டியவை எவை எவை என்று ஒரு பட்டியல் வரும். நாடாட்சி, ஊராட்சி, கண்ணாலக்காணம், வண்ணாரப்பாறை, குசக்காணம், நீர்க்கூலி, இலைக்கூலம், தறிப்புடவை, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம், நல்லா, நல்லெருது, உல்கு, ஓடக்கூலி, மன்றுபாடு, ஈழம்பூட்சி... வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊர் முழுக்க ஒரு நடை போய் வந்த மாதிரி இருக்கும். துறையில் வண்ணார் துவைக்கும் கல், குயவர் சக்கரம், தட்டார் பட்டறை, இடையர் கிடை, மாட்டுக் கொட்டில், ஓடத்துறை, கடைசியில் பனைமரம். வரி போட்டவன் வீதிவீதியாக நடந்துதான் போட்டிருக்க வேண்டும்.

பெயர் வைத்த விதத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டே துண்டு. முன்னால் ஆள் அல்லது பொருள்: குசவர், தட்டார், தறி, ஓடம். பின்னால் கட்டும் வகை: காணம் என்றால் பழைய பொன் எடை, பாட்டம் என்றால் வருவாயில் ஒரு பங்கு (மலையாளத்தில் இன்றும் பாட்டம் என்றால் குத்தகை), கூலி, இறை. தறியிறை, செக்கிறை எல்லாம் இதே அச்சுதான். இறை என்பது இறுத்தல், அதாவது செலுத்துதல். கடவுள் என்ற பொருளில் வரும் இறை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அம்மா ஊர்க் கோயிலின் அதிட்டானத்திலும் (அடித்தளத்தில்) ஒரு துண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலேஜ் படிக்கும்போது மாமாவோடு போய் டார்ச் அடித்துப் படித்தேன். அதில் 'தாகு' என்று ஒரு வரி. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால்கூட வரி போலிருக்கிறது! நீர்க்கூலி இருக்கும்போது தாகு இருக்கக் கூடாதா என்ன?

பிப்ரவரி 13

மேலே போட்ட பட்டியலைப் பார்த்து "இத்தனை வரியா, கொடுங்கோல்" என்று இரண்டு பேர் கொதித்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அது இனி இவையெல்லாம் விகாரத்துக்குச் சேரட்டும் என்று எழுதிக்கொடுத்த பட்டியல். சொத்துப் பத்திரம் எழுதுபவர் 'கல், கரடு, கிணறு, மரம், மட்டை சகிதம்' என்று எதையும் விடாமல் எழுதுவார் இல்லையா, அந்த மாதிரி. 'உடும்போடி ஆமை தவழ்ந்த' இடமெல்லாம் என்று எல்லை சொன்ன அதே கை எழுதியது இது. ஆனைமங்கலத்தில் ஓடத்துறை இருந்ததா, எத்தனை தறி ஓடியது என்பதெல்லாம் எழுதியவருக்குக் கவலையில்லை.

வரலாற்றாசிரியர்கள் கராஷிமாவும் சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளைச் சலித்து எண்ணியபோது 400க்கு மேல் வரிச் சொற்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஓரிரு இடத்தில் தலைகாட்டியவை. திரும்பத் திரும்ப வருபவை கைவிரல் கணக்குத்தான்: வெட்டி, அந்தராயம், எச்சோறு, கடமை, குடிமை. எச்சோறு என்பது ஊருக்கு வரும் அதிகாரிக்குச் சோறு போடும் கடன். இன்றைக்கு அதற்கு வரி என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

இல்லை. ஈழம்பூட்சி இலங்கைப் படையெடுப்புக்கு வசூலித்த வரி இல்லை. ஈழம் என்றால் கள். கள் இறக்குபவர்கள் மீதான வரி. செப்பேடுகளில் 'தெங்கும் பனையும் ஈழவர் ஏறப்பெறாதார்' (தென்னையிலும் பனையிலும் கள் இறக்குபவர் ஏறக் கூடாது) என்று வரும் இடத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ராஜராஜன் ஈழத்துக்குப் படை அனுப்பியது உண்மை. அதற்கு இந்தப் பனைமரம் பொறுப்பில்லை.

பிப்ரவரி 16

கண்ணாலக்காணம் கல்யாண வரி. சென்னைக்கு வந்த புதிதில் "கண்ணாலம் கட்டிக்கினியா?" என்று ஆட்டோக்காரர் கேட்டதற்குச் சிரித்தவன் நான். ராஜராஜன் ஆணையில் கண்ணாலம்தான் இருக்கிறது. சிரித்ததற்கு வெட்கப்பட எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

பிப்ரவரி 19

தாகுவை வாபஸ் வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊருக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெயில் அந்தச் சுவரில் பக்கவாட்டாக விழும், எழுத்தின் பள்ளம் நிழல் கட்டும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடிக்க வேண்டும். இது அன்றைக்கே மாமாவுக்குத் தெரியும், எனக்குத்தான் பொறுமை இல்லை. பழைய கல்லெழுத்தில் புள்ளி வைப்பது அபூர்வம். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். 'தா' என்று படித்ததை 'தர' என்றும் படிக்கலாம். ஆக அது தாகு இல்லை, தரகு. இன்றைக்கும் நிலம் முடித்தாலும் மாடு முடித்தாலும் நடுவில் ஒருவர் வாங்கும் அதே தரகு. செப்பேட்டுப் பட்டியலிலும் தறிப்புடவைக்குப் பக்கத்திலேயே தரகு நிற்கிறது. 12ஆம் தேதி அதைப் பார்த்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, பட்டியலை வெட்டி எழுதும்போது அதைத்தான் விட்டிருக்கிறேன். தாகத்துக்கு வரி போட்ட பழியைச் சோழர்கள் மேல் ஒரு வாரம் சுமத்தி வைத்திருந்தேன்.

மாமாவிடம் போனில் சொன்னேன். "நான் அப்பவே தரகுன்னுதானடா சொன்னேன்" என்றார். சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் மாமாவிடம் அதைச் சொல்ல முடியுமா?

பிப்ரவரி 20

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதியது அருமை. அவர்கள் வருமான வரி கட்டுவது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு. இறைவரியும் பழசு, திணைக்களமும் பழசு. சோழரின் நிலவரித் துறைக்குப் பெயர் புரவுவரித் திணைக்களம். அதில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு என்று பதவிகள். நாம் இங்கே டிபார்ட்மெண்ட்டைத் 'துறை' ஆக்கிக்கொண்டோம். அவர்கள் ராஜேந்திரனின் குமாஸ்தாவைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற பெயரை வைத்திருக்கிறார்கள்.

வரியிலிடு என்பவர் வரியில் இடுபவர், கணக்கில் ஏற்றுபவர். வரி என்றால் கோடு. எழுதிய கோடு, பதிவு, பதிவில் ஏறிய பாக்கி என்று பொருள் நகர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்று இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 23

சுங்கம் பற்றி நாலு பேர் கேட்டாயிற்று.

உல்கு, சுங்கம் இரண்டும் ஒரே சமஸ்கிருத 'சுல்க'த்தின் பிள்ளைகள். மூத்தது முன்னாலேயே வந்து, தலையெழுத்தை உதிர்த்து, தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டது. குறளில் உல்கு பொருள் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஓயாமல் உல்கு வாங்கி மூட்டைக்குப் புலி முத்திரை போடுகிறார்கள். இளையது பிராகிருத வழியில் 'சுங்க' என்று மூக்கொலியோடு வந்தது. இளையது நின்றது, மூத்தது போனது. அகராதியில் மட்டும் உல்கு.

முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று பட்டம். வரியையே ஒழித்தவன் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். தவிர்த்தது சுங்கம், நிலவரி இல்லை. அதே மனிதர் 1086இல் நிலத்தை மறுபடி அளக்க வைத்தார். கவனியுங்கள், அதே 1086இல்தான் இங்கிலாந்தில் வில்லியம் ஊர் ஊராக ஆள் அனுப்பி, எத்தனை ஏர், எத்தனை பன்றி என்று டூம்ஸ்டே கணக்கு எடுத்தார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லாத இரண்டு பேர், ஒரே வருஷம், ஒரே வேலை. இங்கே வணிகனுக்குக் கதவு திறந்தது, உழுபவனுக்கு அளவுகோல் வந்தது. பட்டம் மட்டும் முதலாவதுக்கு. மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ்ப் பாட்டு, எழுதுபவர் அளவுகோலைப் பற்றி எதற்கு எழுதப்போகிறார்?

பிப்ரவரி 24

ஆமாம், கோவை சுங்கமும் அதே சுங்கம்தான். திருச்சிக்காரர்கள் அதையே டோல்கேட் என்கிறார்கள். வசூல் நின்ற பிறகும் பஸ் நிற்கிறது.

பிப்ரவரி 27

"இதெல்லாம் நிலப்பிரபுத்துவ வரியா, அரசு வரியா?" என்று ஒரு பேராசிரியர் தோரணையில் கேட்டிருக்கிறார் ஒருவர். வரலாற்றாசிரியர்கள் அறுபது வருஷமாக அடித்துக்கொள்ளும் சண்டை அது, நான் உள்ளே போகவில்லை. ஆனால் பிரபுத்துவ வாசனை எங்கே தூக்கலாக அடிக்கிறது என்றால் பாடிகாவலில். ஊரைக் காக்கும் உரிமைக்கு வாங்கும் பங்கு அது. பாண்டியர் ஆட்சி தளர்ந்த காலத்தில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில் ஊராரே கூடி அந்தக் காவல் உரிமையை ஓர் அரையருக்கு, அதாவது அந்தப் பக்கத்துத் தலைவருக்கு, விற்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு, இனி எங்கள் விளைச்சலில் நீ பங்கு எடுத்துக்கொள் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவரிடமே விற்ற இடங்களும் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பின்னால் பாளையக்காரர்களும் காவல் பெயரில் வாங்கியதைப் பார்த்தால் சந்தேகம் குறையவில்லை.

இன்னொன்று. நல்லா, நல்லெருது: நல்ல ஆ, நல்ல எருது. ஊரில் இருப்பதில் நல்ல மாடாகப் பார்த்து எடுப்பது என்று பெயரே காட்டிக்கொடுக்கிறது. இங்கிலாந்தில் ஹெரியட் என்று ஒன்று இருந்தது. பண்ணையாள் செத்தால் அவன் வீட்டில் உள்ளதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. அந்தப் பெயருக்கு மூலப்பொருள் போர்க் கருவி. பிரபு கொடுத்த வாளையும் குதிரையையும் வீரன் செத்ததும் திருப்பிக் கொடுத்தது பழைய வழக்கம். வாள் போய் மாடு வந்தது, பெயர் மாறவில்லை. மாட்டுக்கு வாள் பெயர் வைப்பதைவிட நல்லெருது நேர்மையான பெயர்.

மார்ச் 2

யாரும் எதிர்க்கவில்லையா என்றால், எதிர்த்தார்கள். 1429, விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலம். காவிரிப் படுகையிலும் விருத்தாசலம் பக்கமும் வலங்கை 98, இடங்கை 98 சாதியார் (சாதிகள் அன்று இப்படி இரண்டு அணியாக இருந்தன) கூடிக் கோயில் சுவரிலேயே முடிவை வெட்டி வைத்தார்கள். கொறுக்கைக் கல்வெட்டின் சாரம் இது: விளைச்சலைப் பார்த்து வாங்காமல் அநியாயமாக வாங்குகிறார்கள், ஊரை விட்டு ஓடலாம் என்றிருந்தோம். மண்டலத்தார் ஒன்றாக இல்லாததால்தான் இப்படி ஆயிற்று என்று புரிந்தது. இனி விளைந்ததற்கு ஏற்ற நியாயமானதைத் தருவோம், முறையற்றதைத் தர மாட்டோம். விருத்தாசலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அதிகாரிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது, அவர்களுக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது என்கிறார்கள்.

கணக்கு எழுதாதே என்பதுதான் என்னை நிறுத்திய வரி. (இந்த வரி வேறு வரி.) வரியிலிடு இல்லாமல் வரி இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 3

சின்னச் சின்னதாக: கடமை என்பது கல்வெட்டில் பெரும்பாலும் நிலவரி. இப்போது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டித் தலைப்பு. தண்டல் என்பது வரி வசூல். இப்போது சென்னையில் காலையில் பைக்கில் வந்து மார்க்கெட் அக்காவிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாரே, அவர் தண்டல்காரர். கிஸ்தி மட்டும் பின்னால் வந்த அரபுச் சொல், தவணை என்று பொருள். எங்கள் தாத்தா டிரங்குப் பெட்டியில் கிஸ்தி ரசீதுகளை வருஷ வாரியாகக் கட்டி வைத்திருந்தார். கல்யாண போட்டோ எது, எங்கே என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 8

வெட்டிக்குத் திரும்புகிறேன். முதல் நாள் அதை ஒரு வேடிக்கைக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன், அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதில் நாட்டில் எந்தெந்தப் பெயரில் கொத்தடிமை இருக்கிறது என்று ஒரு பட்டியல். படியாள், பண்ணையாள் எல்லாம் வரும். கடைசிப் பெயர் வெட்டி. ராஜராஜன் காலத்தில் வரிப் பட்டியலில் இருந்த சொல், கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கழித்துக் குற்றப் பட்டியலில்.

நடுவில் அது ஊர் முழுக்கப் பொதுவான கடமையாக நிற்கவில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் மெல்ல நழுவிக்கொண்டார்கள், வெட்டி ஒரு சாராரின் தலையில் பிறப்போடு ஏறியது. ஊர்ச் சேவகம் செய்பவருக்கு வெட்டியான் என்று பெயர். ஓலை கொண்டு போவது, மடை பார்ப்பது, சாவு சொல்வது, பிணம் எரிப்பது. எங்கள் ஊரில் அந்த வேலை பார்த்த பெரியவரை என் வயதுப் பையன்களும் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பெயர் என்ன என்று எனக்கு இன்று வரை தெரியாது. உழைத்தவன் பெயரையே உழைக்காதவனுக்கு வசவாக வைத்திருக்கிறோம் என்பது 10ஆம் தேதி "கூலியில்லாத வேலை, பயனில்லாத வேலை, பயனில்லாத ஆள்" என்று ஜாலியாக எழுதியபோது உறைக்கவில்லை. சொற்பிறப்பு சரிதான். எழுதிய குரல்தான் சரியில்லை.

மார்ச் 15

வீட்டு வரி கட்ட ஊராட்சி அலுவலகம் போனேன். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊராட்சிங்கறது ராஜராஜன் காலத்துல ஒரு வரியோட பேரு தெரியுமா சார்?" என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். ஊர் நிர்வாகத்துக்காக வாங்கியது, ஆனைமங்கலம் பட்டியலில் இரண்டாவதாக நிற்கிறது என்று விளக்கமும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டைப் புரட்டி விரலை ஒரு வரியில் வைத்து, "தண்ணி வரி ரெண்டு வருஷமா பாக்கி இருக்கு சார், அதையும் சேத்துக் கட்டிடுறீங்களா?" என்றார்.

நீர்க்கூலி. கட்டிவிட்டு வந்தேன்.